வேண்டாவின் முழங்கால்கள்

பிரேதப் பரிசோதனை அறிக்கையில் இரண்டு பகுதிகள் இருந்தன.

முதல் பகுதி புதிய காயங்கள். பதினொன்று. முட்டுக்காடு படகுத்துறையைத் தாண்டி ஒரு டூரிஸ்ட் வேன் என் அம்மாவின் ஸ்கூட்டரை இடித்ததில் வந்தவை. ஓட்டியவன் கண் அசந்துவிட்டான். வேகம், எடை, கோணம் மூன்றும் தெரிந்தால் மீதியைக் கணக்குப் போட்டுவிடலாம். நான் போட்டேன். நாற்பது நாளாகிறது. அதைப் பற்றி எழுத வேறு எதுவும் இல்லை.

இரண்டாம் பகுதி பழைய காயங்கள். இடப்பக்கம் ஏழாவது, எட்டாவது விலா எலும்புகள் முறிந்து கூடியிருந்தன. இடது உள்ளங்கையில் இரண்டு எலும்புகள் முறிந்து, கொஞ்சம் கோணலாகக் கூடியிருந்தன. காதுக்கு மேலே நான்கு சென்டிமீட்டர் தழும்பு. "இதெல்லாம் எப்போ ஆச்சு?" என்று டாக்டர் என்னிடம் கேட்டார். 1999 மார்ச் 9, செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகாலிலிருந்து பத்து இருபத்தொன்று வரை என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

அம்மாவின் பெயர் ஜெனிட்டா. திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்தில் பிறந்தாள். அவள் அப்பா சாலமோன் அடுத்தவர் நிலத்தில் வரப்பு அண்டை வெட்டிக் கூலி வாங்கினார். அம்மாவுக்கு ஒரு தம்பி இருந்தான். மூன்று வயதில் அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். "வெளிய நில்லு" என்று கதவைச் சாத்தினார்கள். சாயங்காலம் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். புள்ளைக்கு என்ன வியாதி என்று தாத்தா கேட்டார். கேட்டதற்கு அட்டெண்டர் அவர் கன்னத்தில் அறைந்தான். அம்மாவுக்கு அப்போது ஒன்பது வயது. தாத்தாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

அதனால்தான் டாக்டரானாள் என்று யாராவது சொன்னால் எரிச்சல்படுவாள். "மார்க்கு வந்துச்சு, சீட்டு கெடைச்சுது, போனேன்" என்பாள். பதினான்கு வருடம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் வேலை பார்த்தாள். முப்பத்தொன்பதாவது வயதில் விடுப்பு எடுத்துக்கொண்டு மறுபடி மாணவியானாள். கடலோரச் சாலையில் அப்போது ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரி இருந்தது. பெயர் வேண்டாம். அங்கே குழந்தைகளின் இதய நோய்க்கு இரண்டு வருடப் பயிற்சி. கூடப் படித்தவர்களுக்கு இருபத்தேழு, இருபத்தெட்டு வயது. முதல் மாதம் ஆன்ட்டி என்று கூப்பிட்டார்கள். அவள் முறைத்த பிறகு அக்கா ஆனாள்.

நாங்கள் கோவளத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா செல்வராஜ் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். நான் கூடுவாஞ்சேரிக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லூரியில் இன்ஸ்ட்ருமென்டேஷன் இரண்டாம் வருடம். இப்போது ஆஸ்பத்திரிகளில் எக்கோ மெஷின் பழுது பார்ப்பது என் வேலை.

அப்பா பிரம்பு வைத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் ஒன்று, வீட்டில் ஒன்று. வீட்டுப் பிரம்பு எனக்கு. 1999 ஜனவரியில் ஒரு நாள் சாப்பிடும்போது சிரித்துக்கொண்டே சொன்னார்.

"மூணாங்கிளாஸ்ல ஒரு பொண்ணு கீது. கிரவுண்ட ஒரு ரவுண்டு ஓட உட்டா, பாதியில பொசுக்குனு குந்திக்கிது. எழுந்திருன்னா எழுந்திருக்க மாட்டேங்குது. தெனம் இதே வேல. இன்னிக்கு கால்ல நாலு வெச்சேன்."

அம்மா மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். "எப்டி குந்துது?"

"எப்டின்னா? குந்துறதுல இன்னா ரகம் கீது? முட்டிய கட்டிக்கினு குந்துது."

"அடிச்சப்பவும் எழுந்திருக்கலியா?"

"கல்லு மாரி உக்காந்துனுகீது. திமிரு."

"ஒதடு இன்னா கலரு?"

"நான் இன்னா லிப்ஸ்டிக்கா விக்கிறேன்?"

அம்மா சிரிக்கவில்லை. கை கழுவிவிட்டு வந்து அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டாள். "வேண்டா" என்றார் அப்பா.

மறுநாள் காலை ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக்கொண்டு அப்பாவின் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். வேண்டாவுக்கு எட்டு வயது, ஐந்து வயது உடம்பு. உதடு நாவற்பழம் தின்றது போல நீலம். கெண்டைக்காலில் நான்கு தடிப்புகள், அவையும் நீலம்.

நோயை என் பாஷையில் சொல்கிறேன். இதயத்தில் இரண்டு பம்புகள். ஒன்று கெட்ட ரத்தத்தை நுரையீரலுக்குத் தள்ளும், மற்றது நல்ல ரத்தத்தை உடம்புக்குத் தள்ளும். வேண்டாவுக்கு நுரையீரலுக்குப் போகும் குழாய் குறுகல். இரண்டு பம்புக்கும் நடுவில் ஒரு ஓட்டை. குறுகலில் போக முடியாத கெட்ட ரத்தம் ஓட்டை வழியாக உடம்புக்குப் போய்விடுகிறது. அதுதான் நீலம். குந்தி முழங்காலை மார்போடு கட்டிக்கொண்டால் தொடையின் ரத்தக் குழாய்கள் நசுங்குகின்றன. உடம்புக்குப் போகும் வழியில் அழுத்தம் கூடுகிறது. வேறு வழியில்லாமல் ரத்தம் நுரையீரல் பக்கம் திரும்புகிறது. இந்தக் குழந்தைகளுக்கு இதை யாரும் சொல்லித் தருவதில்லை. மூச்சு முட்டினால் தாமாகவே குந்துகிறார்கள். அப்பா அதற்குத்தான் அடித்திருந்தார்.

அம்மா இதை அவரிடம் சொன்னாள். "எனக்கு இன்னா தெரியும்" என்றார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிரம்பை விட்டுவிட்டார் என்று எழுத முடியாது. ரிட்டயர் ஆகும் வரை வைத்திருந்தார். யாராவது குந்தினால் மட்டும் கிட்டே போய் உதட்டைப் பார்ப்பார்.

வேண்டாவின் அம்மா சந்திரம்மா கடற்கரையில் மீன் ஏலம் எடுத்து விற்பவள். அவள் புருஷன் கடலுக்குப் போய் நான்கு வருடமாகத் திரும்பவில்லை. தாய்மாமன் ராஜாராம்தான் வீட்டுக்கு ஆண்துணை. படகு வைத்திருந்தான். அம்மா அவர்கள் வீட்டுக்கு ஆறு முறை போனாள்.

"பேரு இன்னா இப்டி வெச்சிருக்க?" என்று முதல் நாள் கேட்டாள்.

"நாலாவதும் பொட்டையா பூடுச்சு. வேண்டான்னு பேரு வெச்சா அடுத்தது ஆம்பளையா வரும்னாங்க."

"வந்துச்சா?"

"அதுவும் பொட்டதான். அதுக்கு இன்னா பேரு வெக்கிறதுன்னே ஒரு மாசம் தெரியல."

ராஜாராம் ஆபரேஷனுக்கு ஒத்துக்கொள்ள ஒரு மாதம் பிடித்தது. "நெஞ்ச பொளந்தா புள்ள எப்டி பொழைக்கும்? நீயே சொல்லு டாக்டரம்மா." பொளக்காவிட்டால் எப்படிச் சாகும் என்று அம்மா அவனிடம் விவரமாகச் சொன்னாள். மார்ச் 8 திங்கள் வேண்டாவைச் சேர்த்தார்கள். வெள்ளிக்கிழமை ஆபரேஷன்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ரத்தம் எடுக்க ஊசி குத்தினார்கள். வேண்டா அழுதாள். அழ அழ நீலம் கூடியது. இந்த நோயில் அப்படி ஒரு கட்டம் வரும். குறுகல் ஒரேயடியாக இறுகிக்கொள்ளும். நுரையீரலுக்கு ரத்தமே போகாது. சில நிமிடங்களில் நினைவு போகும். பிறகு உயிர்.

வார்டில் அம்மாவும் ஒரு நர்சும் இருந்தார்கள். சந்திரம்மா டீ வாங்கப் போயிருந்தாள். ராஜாராமும் அவன் படகில் வரும் இரண்டு பேரும் கட்டிலருகில் நின்றிருந்தார்கள். அம்மா, "எல்லாரும் வெளிய போ" என்றாள். கதவைச் சாத்தினாள்.

அதுதான் அவள் செய்த தவறு. எந்த ஆஸ்பத்திரியிலும் சொல்கிற வார்த்தைதான். குழந்தையை மடக்கப்போகிறேன், மடக்கினால்தான் பிழைக்கும் என்று சொல்ல ஐந்து விநாடி ஆகியிருக்கும். "எங்கப்பாகிட்ட அவனுங்க சொன்னதையேதான் நானும் சொன்னேன்" என்று பிறகு சொல்லியிருக்கிறாள். ஒரே ஒரு முறை.

கதவில் வட்டமாக ஒரு கண்ணாடி. ராஜாராம் அதன் வழியாகப் பார்த்தான். டாக்டரம்மா கட்டில் மேல் ஏறி உட்கார்ந்து, அவன் அக்கா மகளின் இரண்டு கால்களையும் மடக்கி, முழங்காலை நெஞ்சில் வைத்து, தன் எடையோடு அழுத்திக்கொண்டிருந்தாள். பிள்ளை கருத்துக்கொண்டே போனது.

கோவளத்துக் கரையில் மூச்சுத் திணறும் உடம்பை நீட்டிப் போடுவார்கள். தண்ணீர் குடித்த பிள்ளையை மணலில் கால் நீட்டிக் கிடத்தி வயிற்றைத் தளர்த்துவார்கள். ராஜாராம் அப்படி இரண்டு பிள்ளைகளைக் காப்பாற்றியவன். மடங்கிய உடம்பு அவனுக்குப் பிணம்.

"டேய், புள்ளைய மடிச்சி கொல்றாடா" என்றான். கதவை உதைத்தார்கள். தாழ்ப்பாள் பெயர்ந்து விழுந்தது.

நர்ஸ் மார்ஃபின் என்ற மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். அவளைத் தள்ளியதில் ஊசி தரையில் உடைந்தது. அவள் ஆள் கூப்பிட ஓடினாள். மருந்து போய்விட்டது. அம்மாவிடம் மிச்சமிருந்தது அந்த இரண்டு முழங்கால்கள்தான்.

ராஜாராம் வேண்டாவின் கணுக்காலைப் பிடித்து இழுத்தான். "நீட்டு. காலை நீட்டுடி."

"விடு. நீட்டினா செத்துடும்."

"நீ மடிச்சதுலதான்டி சாவுது."

ஒரே குழந்தையை இரண்டு பேர் காப்பாற்றப் பார்த்தார்கள், எதிரெதிர் திசையில். அம்மா குழந்தையின் மேல் கவிழ்ந்துகொண்டாள். இரண்டு கையாலும் முழங்கால்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். ஒருவன் அவள் முடியைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். வரவில்லை. ஸ்டீல் டிரேயை எடுத்துக் காதுக்கு மேல் அடித்தான். ரத்தம் வேண்டாவின் கழுத்தில் சொட்டியது. இன்னொருவன் குளுக்கோஸ் ஸ்டாண்டைப் பிடுங்கி விலாவில் குத்தினான். இரண்டாவது குத்தில் சத்தம் கேட்டதாம். அவள் பிடியைத் தளர்த்தவில்லை. ராஜாராம் ஆக்சிஜன் சிலிண்டர் திறக்கும் இரும்புச் சாவியை எடுத்தான். அவள் இடது புறங்கையில் அடித்தான். விரல்கள் திறக்கவில்லை. மறுபடி அடித்தான். எலும்பு உடைந்த பிறகும் விரல்கள் திறக்கவில்லை, அவள் மற்றக் கையால் அவற்றை இறுக்கியிருந்தாள். மூன்றாவது முறை ஓங்கினான்.

"மாமா, உட்ரு" என்றது அடியிலிருந்து ஒரு குரல். "எனக்கு இப்டி இருந்தாதான் நல்லாகீது."

ராஜாராமின் கை மேலேயே நின்றது. வேண்டாவின் உதடு கருப்பிலிருந்து நீலத்துக்கு வந்திருந்தது. மணி பத்து இருபத்தொன்று. நர்ஸ் தன் வாக்குமூலத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறாள்.

நான் மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். அம்மாவுக்குக் கையில் மாவுக்கட்டு, தலையில் ஏழு தையல். மூச்சை இழுக்கும்போது முகம் சுருங்கியது. மூன்று பேரையும் போலீஸ் கொண்டுபோயிருந்தது. அவர்களை மன்னித்துவிட்டாயா என்று கேட்டேன்.

"மன்னிப்பா? எலும்ப ஒடச்சிருக்கான்டி. உள்ள கெடக்கட்டும்."

புகாரை அவள் கடைசி வரை திரும்பப் பெறவில்லை. மூன்று பேரும் நான்கு மாதம் உள்ளே இருந்தார்கள்.

சாயங்காலம் பயிற்சி மருத்துவர்கள் எல்லோரும் வேலைநிறுத்தம் என்று அறிவித்தார்கள். வாசலில் ஷாமியானா போட்டார்கள். டாக்டர் ஜெனிட்டாவுக்கு நீதி வேண்டும் என்று பேனர். அவசர சிகிச்சை தவிர எல்லாம் நிறுத்தம். ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து கொடுக்கவும், இதய இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கவும், ராத்திரி முழுக்கக் கண்காணிக்கவும் அவர்கள்தான். வேண்டாவின் வெள்ளிக்கிழமை ரத்தானது. அவள் பெயர் அவசரப் பட்டியலில் இல்லை.

வியாழக்கிழமை காலை மறுபடி அந்தக் கட்டம் வந்தது. இந்த முறை ஊசி கூடக் குத்தவில்லை. கக்கூஸ் போக முக்கினாள், அவ்வளவுதான். அம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு ஓடினேன். அவளால் மடக்க முடியாது. சந்திரம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"வா. ரெண்டு முட்டியையும் நெஞ்சுல வெச்சி அமுக்கு."

"நான் புடிச்சா செத்துட்டா?"

"புடிக்கலன்னா சாவும். வா."

சந்திரம்மா கட்டிலில் ஏறினாள். மீன் கூடை தூக்கிய கை. அழுத்தினாள். அழுதுகொண்டே அழுத்தினாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும், இன்னும்" என்றாள். நர்ஸ் மார்ஃபின் போட்டாள். இருபது நிமிடம். உதடு பழைய நீலத்துக்குத் திரும்பிய பிறகுதான் சந்திரம்மா இறங்கினாள்.

துறைத் தலைவர் வந்து பார்த்தார். மூன்றாவது முறை வந்தால் தாங்காது என்றார். தனியாக நான் எப்படி ஆபரேஷன் செய்ய என்றும் சொன்னார். அம்மா என்னிடம், "கீழ கூட்டினு போ" என்றாள்.

ஷாமியானாவில் முப்பது பேர் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சங்கச் செயலாளர் சதாசிவம் மைக்கை வைத்துவிட்டு எழுந்து ஓடி வந்தான். நல்ல பையன். செவ்வாய்க்கிழமை அம்மாவின் தலைக்குத் தையல் போட்டவன் அவன்தான்.

"அக்கா, நீங்க ஏன் எழுந்து வந்தீங்க? உங்களுக்காகத்தான நாங்க உக்காந்திருக்கோம்."

"எனக்காகன்னா எழுந்து போங்க. அந்தப் பொண்ணுக்கு நாளைக்குப் பண்ணணும்."

"அது எலெக்டிவ் கேஸ்தான்க்கா, அவசரமில்ல."

"நேத்து வரைக்கும். காலையில மறுபடி வந்துச்சு. அடுத்தது வந்தா போயிடும்."

"அக்கா, கேளுங்க. இன்னைக்கு ஒரு கேஸுக்கு எழுந்தோம்னா நாளைக்கு ஒண்ணு வரும். அப்புறம் யார் வேணா வந்து டாக்டர அடிப்பான். அடுத்த தடவ இந்தப் பொண்ணுங்கள்ல ஒருத்தியா இருக்கும்."

"அதுவும் சரிதான்" என்றாள் அம்மா.

நாற்காலியிலிருந்து எழுந்தாள். வலது கையால் அவன் கன்னத்தில் அறைந்தாள். ஜமக்காளத்தில் இருந்தவர்கள் அசையவில்லை. சதாசிவம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டான். அம்மா ஒரு நொடி அவனையே பார்த்தாள். பிறகு இடது கையை ஓங்கி, மாவுக்கட்டோடு அவன் வாயில் அடித்தாள். கண்ணாடி தெறித்தது. மேலுதடு கிழிந்தது. அவன் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான். விரலிடுக்கில் ரத்தம். அம்மாவும் விலாவைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு மணி நேரத்தில் பேனரை அவிழ்த்தார்கள். அடிபட்டவளே அடித்துவிட்டால் யாருக்காக உட்காருவது? இப்போது அவர்களுக்கு ஒரே கோரிக்கை, அம்மாவின் மேல் நடவடிக்கை. நிர்வாகம் உடனே ஒத்துக்கொண்டது. சாயங்காலத்துக்குள் எல்லோரும் வேலைக்குத் திரும்பினார்கள். சக மருத்துவரைத் தாக்கியதற்காக டாக்டர் ஜெனிட்டாவின் பயிற்சி ரத்து, இனி வளாகத்துக்குள் அனுமதி இல்லை என்று கடிதம் கொடுத்தார்கள். பதினான்கு மாதம் படித்திருந்தாள். இன்னும் பத்து மாதம் பாக்கி.

ஐந்து வருடம் கழித்து ஒரு முறை கேட்டேன், கோபத்தில் அடித்தாயா, யோசித்து அடித்தாயா என்று.

"மொத அடி கோவத்துல" என்றாள். "ரெண்டாவது யோசிச்சுதான்."

குழந்தைகளின் இதய மருத்துவர் என்று அவள் பெயருக்குப் பின்னால் போட முடியவில்லை. மறுபடி சுகாதார நிலையத்துக்கே போனாள். மழைக்காலத்தில் இடது கை வலிக்கும். தடுப்பூசிக்கு வரும் ஒவ்வொரு குழந்தையின் நெஞ்சிலும் ஸ்டெதஸ்கோப்பை வைப்பாள். வரிசை நகரவில்லை என்று நர்சுகள் முணுமுணுப்பார்கள். வைப்பதற்கு முன்னால், என்ன செய்யப்போகிறாள், ஏன் செய்யப்போகிறாள் என்று கூட வந்தவர்களிடம் சொல்லுவாள். காது கேட்காத கிழவிகளிடமும் சொல்லுவாள். கதவைத் திறந்தே வைத்திருப்பாள்.

வேண்டாவின் ஆபரேஷன் அந்தச் சனிக்கிழமையே நடந்தது. ரத்தம் கொடுக்கக் கோவளத்திலிருந்து பதினோரு பேர் ஒரே வேனில் வந்தார்கள். வாட்ச்மேன், மறுபடி அடிக்க வந்துவிட்டார்கள் என்று கேட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே ஓடினான். அம்மா கேட்டுக்கு வெளியே நின்று அவனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டியது. பதினோரு பேரையும் விட்டான். அவளை விடவில்லை.

வெளியே பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தோம். ஏழு மணி நேரம். அப்பா சோறு கட்டிக்கொண்டு வந்தார். யாரும் சாப்பிடவில்லை. மாமல்லபுரம் போகிற பஸ்களெல்லாம் எங்களுக்காக நின்று, நாங்கள் ஏறாததால் கண்டக்டரிடம் திட்டு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போயின. சாயங்காலம் ஒரு நர்ஸ் கேட் வரை வந்து, மெஷினிலிருந்து எடுத்துவிட்டார்கள், இதயம் தானாக ஓடுகிறது என்று சொல்லிவிட்டு ஓடினாள். அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். முதல் நாள் தாண்டுவதுதான் கஷ்டம் என்று அவளுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனோம். பதினோரு மணி வாக்கில் சந்திரம்மா வெளியே வந்தாள். செருப்பில்லை. உள்ளே விடும்போது கழற்றச் சொல்லியிருப்பார்கள். கேட்டைத் தாண்டி நேராக அம்மாவிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். முகம் வெளிறியிருந்தது.

"பாத்தியா?" என்றாள் அம்மா.

"பாத்தேன்."

"கண்ணு முழிச்சிதா?"

"முழிச்சி பாக்குது. வாயில கொழாய வெச்சிகீறாங்க, பேச முடியல." சந்திரம்மா பின்னால் திரும்பி ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "டாக்டரம்மா, ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத. அது எம் பொண்ணுதானா? ஒதடு, நகமெல்லாம் செவசெவன்னு யாரு வூட்டுப் புள்ளையோ மாரி கீது. நீ கொஞ்சம் உள்ள போய் பாத்துட்டு வந்து சொல்லேன்."

அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். விலாவைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிறது, வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். தன்னை உள்ளே விடமாட்டார்கள் என்று சந்திரம்மாவிடம் சொல்ல அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று.